மூன்று விசில்

எங்கள் கடற்கரையில் குளிக்கிறவர்களைக் காக்கக் காவல் மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. பேசுவார்கள். வீட்டுக் கடன், மகளின் காதலன், முதுகு வலி எல்லாம் பேசுவார்கள். ஆனால் முகம் கடலை விட்டுத் திரும்பாது. வெளியூர்க்காரர் யாராவது கீழே வந்து நின்று கழிப்பறை எங்கே என்று கேட்டால், பதில் அவர் தலைக்கு மேலே கடலைப் பார்த்தபடி வரும். திமிர் பிடித்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் போவார்.

என் அத்தை லொரெட்டா கோர்ஸ்கி, கார்வர் பீச்சில் பதினான்காம் தெரு மேடையில், ஹாப் டோர்சி என்பவரின் பக்கத்தில் இப்படியே ஏறக்குறைய நாற்பது கோடைகளைக் கழித்தாள். ஒரு வருடம் ஹாப் மீசையை எடுத்துவிட்டு வந்தார். காலையிலிருந்து கூட உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் இருவரும் படகைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள்.

"யாருய்யா நீ?"

"காலையில இருந்து உன் சாண்ட்விச்ல பாதியைத் தின்னவன்."

அத்தை சேர்வதற்கு முன்பு இந்தக் கரையில் எந்தப் பெண்ணும் மேடை ஏறியதில்லை. அதற்கும் வெகு காலம் முன்பு மேடையே இல்லை. கரையில் நட்ட கம்பத்தில் தடித்த கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கடலில் மிதக்கும் பீப்பாயில் மாட்டியிருப்பார்களாம். அந்தக் காலத்துக் கம்பளி நீச்சலுடையில் குளிக்க வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு குதிப்பார்கள். பிடி நழுவினால் அவ்வளவுதான். பிறகு ஹோட்டல்காரர்கள் சும்மா இருந்த மீனவர்களைப் படகோடு கரையில் நிறுத்தினார்கள். அடுத்தடுத்து ஆட்கள் மூழ்கிய ஒரு கோடைக்குப் பிறகு நகராட்சி சம்பளம் கொடுத்துக் காவல் அணியை அமைத்தது. இன்றும் எங்கள் அணியின் படகு அந்த மீன்படகின் உருவம்தான். இரண்டு பேர் துடுப்புப் போட்டால்தான் அலையைத் தாண்டும்.

இதையெல்லாம் கல்லூரியில் வரலாறு படித்தபோது நான் தேடிப் படித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆர்வமாக அத்தையிடம் போய்ச் சொன்னால், "கயிறு அறுந்துச்சா? சரிடி. இப்ப யாரு பார்க்குறா?" என்பாள்.

அவள் சேர்ந்த கதையை அப்பா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அப்பா கூரை வேய்கிறவர். அத்தை அவருக்கு அக்கா. 1978இல், பத்தொன்பது வயதில், தேர்வு நடந்த காலையில் ஆண்களின் வரிசையில் போய் நின்றாள். அப்போதிருந்த வயதான கேப்டன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, உனக்கு இங்க துணி மாத்தக்கூட இடம் கிடையாது."

"நான் வீட்டுலயே மாத்திக்கிட்டு வந்துட்டேன். படகு எங்க இருக்கு?"

நீந்தினாள், ஓடினாள், துடுப்புப் போட்டாள். முதலாவதாகவும் வரவில்லை, கடைசியாகவும் வரவில்லை. நடுவில் வந்தவளை எப்படி ஒதுக்குவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவளோடு படகில் ஏற யாரும் முன்வராததால் காசு சுண்டிப் போட்டார்கள். ஹாப் தோற்றார். "என் வாழ்க்கையில தோத்ததுல இது ஒண்ணுதான் உருப்படி," என்று அவர் தன் மனைவி முன்னாலேயே சொல்வார்.

எங்கள் அணியில் யாருக்கும் இடம் நிரந்தரமில்லை. ஒவ்வொரு ஜூனிலும் எல்லோரும் மறுபடி நீந்தி, ஓடி, துடுப்புப் போட்டுக் காட்ட வேண்டும். புதியவன், பழையவன் என்ற பேச்சே இல்லை. நேரத்துக்குள் வரவில்லை என்றால் துண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அதனால் அத்தையின் குளிர்காலமும் கோடைக்காகத்தான். செப்டம்பரிலிருந்து பள்ளிக்கூட உணவகத்தில் வேலை. தட்டேந்தி வரும் பிள்ளைகள் ஒவ்வொருவராக முகத்துக்கு நேரே நின்று கேட்பார்கள். உருளைக்கிழங்கை அள்ளி வைப்பாள். சமையலறையைக் கழுவி முடித்ததும் பள்ளியின் நீச்சல் குளத்தில் இறங்கிவிடுவாள். "அவ அந்த மரநாற்காலியைக் கட்டிக்கிட்டா," என்று அப்பா சொல்வார். அத்தை மறுத்ததில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகும் ஒவ்வொரு ஜூனிலும் தேறினாள். அந்த மேடையைத் தவிர அவள் வேறு எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

விசிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தடவை ஊதினால் குளிக்கிறவர்களுக்கு: கிட்ட வா, நகரு. இரண்டு தடவை என்றால் பக்கத்து மேடைக்கு: இங்கே பார். மூன்று தடவை என்றால், நான் உள்ளே போகிறேன், என் தண்ணியை நீ பார்த்துக்கொள், படகை அனுப்பு. மூன்று விசில் கேட்ட மேடை அந்த நொடியே எழுந்துகொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டை நம்பித்தான் ஒருவர் தன் இடத்தை விட்டு அலைக்குள் குதிக்க முடியும்.

கடைசிச் சில வருடங்களாக அத்தைக்கு ஒரு பெரிய குறை இருந்தது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு விசில் ஊதத் தெம்பில்லை.

"இது விசிலா, கெட்டில் மூச்சு விடுதா?" என்று காலை வரிசையில் ஒவ்வொருவர் எதிரிலும் நின்று கேட்பாள். "ஊது. இன்னும். வயித்துல இருந்து ஊதுடா, சூப்பை ஆத்துற மாதிரி ஊதாத."

அவர்கள் கன்னம் சிவக்க ஊதுவார்கள். பக்கத்தில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். குற்றம் பிளாஸ்டிக் விசிலில் இருக்கிறது என்று அடுத்து முடிவு கட்டினாள். கேப்டன் விட்டோ ராமெல்லா ஒரு காலத்தில் அவள் துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த பையன். அவள் கேட்டால் அவருக்கு மறுக்க வராது. அவளுடைய கடைசிக் கோடையில் அணி முழுவதும் பழையபடி பித்தளை விசிலுக்கு மாறியது. பித்தளையும் அவளுக்குத் திருப்தியாக இல்லை.

கல்லூரி விடுமுறையில் நானும் அதே கரையில்தான் வேலை செய்தேன். எங்கள் ஊரில் மணலில் கால் வைக்க பேட்ஜ் வாங்க வேண்டும். வெயிலில் படுத்திருப்பவர்களிடம் போய் பேட்ஜ் இருக்கிறதா என்று கேட்பது என் வேலை. எல்லோரும் என்னை வெறுத்தார்கள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. எங்கோ தூரத்தில் புயல். எங்கள் பக்கம் வானம் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் அலை நீளமாக, கனமாக வந்தது. ஹாப் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வந்த பெண், அம்மாவைத் தவறவிட்டு அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு பலகை நடைபாதைக்குப் போனாள். மேடையில் அத்தை தனியாக இருந்தாள்.

நான் இரண்டு மேடைகளுக்கும் நடுவில் ஒரு குடும்பத்திடம் பேட்ஜ் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது பதினைந்தாம் தெரு மேடையிலிருந்து மூன்று விசில். அங்கே இருந்தது தியோ பிக்கெட் என்ற இரண்டாம் வருடப் பையன். அவனுடைய கூட்டாளி கரையோரம் வேறொரு ஆளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். தியோ மறுபடியும் மூன்று விசில் ஊதிவிட்டு, மிதவையோடு ஓடி அலைக்குள் பாய்ந்தான். அண்ணன் தம்பி போல இரண்டு பையன்கள் நீரின் இழுப்பில் மாட்டி, கடலுக்குள் நீளும் கருங்கல் தடுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அத்தை அசையவில்லை. முழங்கையை முழங்காலில் ஊன்றி, தன் பங்குக் கடலை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். விதிப்படி அவள் பார்க்க வேண்டியதும் அதைத்தான். நான் ஓடிப் போய் மேடைக்குக் கீழே நின்று கத்தினேன்.

"அத்தை! மூணு விசில்!"

"பேட்ஜ் தகராறெல்லாம் அப்புறம்," என்றாள் கடலைப் பார்த்தபடியே. "நான் தனியா இருக்கேன்ல."

ஏறி அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தேன். அப்போதுதான் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் கை நீட்டிய திசையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளிடம் எந்தத் தாமதமும் இல்லை. திரும்பி வந்துகொண்டிருந்த பெண்ணும் அவளும் படகைத் தள்ளினார்கள். இரண்டே அலைகளைத் தாண்டி வெளியே போய்விட்டார்கள். பையன்கள் இருவரையும் ஏற்றினார்கள். மிதவையில் அந்த இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு, தான் கல்லுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்ததால், தியோவின் முதுகைக் கல்லில் ஒட்டிய சிப்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்திருந்தன. எல்லோரும் உயிரோடு வந்தார்கள்.

சாயங்காலம் படகுக் கொட்டகையில் விட்டோ விசாரித்தார்.

"படகு ஏன்டா லேட்டு?"

"நான் ஊதினேன் கேப்டன். ரெண்டு வாட்டி ஊதினேன்," என்றான் தியோ. முதுகில் மருந்து போட்டுக்கொண்டிருந்ததால் குப்புறப் படுத்திருந்தான்.

"நீ ஊதினது உனக்கே கேட்டிருக்காது," என்றாள் அத்தை. கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னாள். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், தம்பி."

அவளை யாரும் சந்தேகிக்கவில்லை. தியோவே சந்தேகிக்கவில்லை. "ஓடிக்கிட்டே ஊதினேன். மூச்சு பத்தலையோ என்னவோ," என்றான். விட்டோ அவனை ஒரு வாரத்துக்கு மேடையிலிருந்து இறக்கினார். காயம் ஆறட்டும், விசில் பழகட்டும் என்றார்.

நான் கேட்டேனே என்று அன்று இரவே விட்டோவிடம் போய்ச் சொன்னேன். "நீ பக்கத்துல இருந்திருப்பே," என்றார். ஒருவேளை அப்படித்தானோ என்று எனக்கும் தோன்றியது. ஊரில் லொரெட்டா சொன்னதற்கு மேல் நாம் என்ன சொல்வது என்ற பழக்கம் எல்லோருக்கும் இருந்தது.

மறுநாள் ஹாப் வீங்கிய கன்னத்தோடு வந்தார். அடுத்து நடந்ததை அவர்தான் எனக்குச் சொன்னார். தியோ வீட்டில் இருக்காமல் சட்டை போட்டுக்கொண்டு கரைக்கு வந்துவிட்டான். கூட்டம் வருவதற்கு முன் அத்தை அவனை மேடைக்கு எதிரே, அலை வந்து தொடும் இடத்தில் நிறுத்தி, "இங்க பார்த்து ஊது. நான் சரின்னு சொல்ற வரைக்கும்," என்றாள்.

தியோவின் கன்னங்கள் உப்பின. கழுத்து நரம்பு புடைத்தது. ஹாப்பின் இடது குதிகால் கால்பலகையில் மூன்று தடவை தட்டியது.

"இன்னும்," என்றாள் அத்தை.

கன்னங்கள் உப்பின. குதிகால் தட்டியது. தட்டியது பலகை வழியாக அவள் பாதத்துக்கு வந்தது. நீரோரத்தில் மூக்கால் மணலைக் குடைந்துகொண்டிருந்த கடற்காக்கைகள் விருட்டென்று எழும்பிப் பறந்தன.

ஹாப் காலால் தட்டுகிறவர் என்பது அத்தைக்கு வருடக்கணக்காகத் தெரியும். நரம்புத் தளர்ச்சி, கால் சும்மா இருக்காது என்று கேலி செய்வாள். அவர் தட்டும்போதெல்லாம் ஏதோ ஒரு மேடையில் ஏதோ நடந்துகொண்டிருக்கும். அவளும் அந்தப் பக்கம் பார்ப்பாள். விசிலைத் தான் கேட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அலையின் தடித்த சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டது. ஆட்களின் பேச்சு முகம் பார்த்தால் கேட்டது; பக்கத்தில் ஹாப் பேசுவதைப் பழக்கத்தில் பாதி ஊகித்துக்கொண்டாள். மெல்லிய, கூர்மையான சத்தம் மட்டும் எப்போதோ போய்விட்டிருந்தது.

அன்று அவள், வேலை நேரத்தில், மேடையில் உட்கார்ந்தபடி, முகத்தைத் திருப்பி ஹாப்பைப் பார்த்தாள். நாற்பது வருடத்தில் அதுவே முதல் தடவை என்று ஹாப் சத்தியம் செய்கிறார்.

"தண்ணியைப் பாரு, லொரெட்டா," என்றார் அவர்.

"எத்தனை வருஷமா?"

அவர் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் தண்ணீரைப் பார்க்காதபோது அவர் இரண்டு பேருக்குமாகப் பார்த்தாக வேண்டும். முகத்தைத் திருப்ப முடியாது. பக்கவாட்டில் இருந்து வாயசைவைப் படிக்க அவளுக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு ஹாப்பின் குதிகால் மெதுவாகத் தட்டியது. ஐந்து தடவை.

"கிழட்டுப் பயலே," என்றாள் அத்தை.

ஹாப் செய்தது சரியா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அவரிடமே கேட்டேன். "நான் பக்கத்துல இருக்குற வரைக்கும் அவகிட்ட ரெண்டு காது இருந்துச்சு. பல்லு வலிக்கும்னு நான் யோசிக்கல," என்றார். கரையில் அவளைவிட வேகமாக ஆபத்தைக் கண்ணால் பிடிக்கிறவர்கள் யாரும் இல்லை என்பதும் உண்மை. அந்தச் சனிக்கிழமையும் உண்மை.

அன்று மாலை அவள் விட்டோவிடம் போய், விசில் தனக்குக் கேட்பதில்லை என்றாள். விட்டோ கேட்டுவிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தினார். நான் உள்ளே இருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. குடும்பம்தானே என்று நினைத்திருப்பார். அவர் அவள் எதிரே வந்து நின்று, முகம் பார்த்துப் பேசினார்.

"சீசன் முடியப் போகுது. ஹாப் வந்துட்டார். யாரும் எதுவும் கேக்கல. ஜூன்ல பார்த்துக்கலாம், லொரெட்டா."

"ஜூன்ல நான் நீந்திடுவேன் விட்டோ. ஓடிடுவேன். துடுப்பும் போட்டுடுவேன். நீ என்னை மறுபடி ஏத்தி உட்கார வைப்பே."

"அதுல என்ன தப்பு?"

"அந்தப் பையன் முதுகைப் போய்ப் பாரு."

பிறகு அத்தையே சொன்னாள்: "காலையில எல்லாரையும் நிக்க வை."

காலை வரிசையில் அவள் சொன்னபடியே செய்தார்கள். எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டி, நடைபாதையைப் பார்த்து நின்றார்கள். கேட்கிறவர்கள் கையைத் தூக்க வேண்டும். தியோ பக்கத்து மேடை வரை நடந்து போய், அங்கிருந்து ஊதினான். வரிசை முழுவதும் கைகள் எழுந்தன. ஹாப்பின் கை எழுந்தது. அத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்; கைகள் இரண்டும் தொங்கியபடி இருந்தன. மறுபடி ஊதினான். மறுபடி எல்லாக் கைகளும். யாரோ ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். அத்தை பக்கத்தில் திரும்பி, உயர்ந்த கைகளை ஒரு முறை வரிசையாகப் பார்த்துக்கொண்டாள். போதும் என்றாள்.

தியோ திரும்பி வந்ததும் அவன் எதிரே போய் நின்றாள்.

"உன் விசில்ல ஒரு தப்பும் இல்லடா. நான்தான் தப்பாச் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கங்க, தப்பு என்னுது."

"பரவாயில்ல மேடம்," என்றான் அவன் தரையைப் பார்த்து.

"தலையைத் தூக்கிப் பேசு, எனக்குக் கேக்காது."

"பரவாயில்லன்னு சொன்னேன்."

"பரவாயில்லன்னு சொல்லாத, தப்புதான். இருந்தாலும் இன்னும் கொஞ்சம் பலமாவே ஊதலாம் நீ."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் துண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஒரு வாரத் தடையை விட்டோ நீக்க, அன்று மதியமே தியோ பதினான்காம் தெரு மேடையில் ஹாப்பின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மருத்துவர் காரணம் சொன்னார். குளிர்ந்த தண்ணீரில் ஆண்டுக்கணக்காக நீந்துகிறவர்களுக்குக் காதுத் துவாரத்தில் எலும்பு வளர்ந்து அடைக்குமாம். அதை அறுத்து எடுக்கலாம். ஆனால் உள்ளே கெட்டுப்போனதற்கு வைத்தியமில்லை; அது அவள் வாயிலிருந்த விசிலே செய்த வேலையாக இருக்கலாம் என்றார். காதுக் கருவி ஒன்று கொடுத்தார்கள். பள்ளி உணவகத்தில் அது உதவுகிறது. கரையில் போட்டால் காற்று மட்டும்தான் இரைகிறது. கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்வாள்.

அடுத்த ஜூனிலிருந்து கார்வர் பீச்சில் நீச்சல், ஓட்டம், துடுப்பு ஆகியவற்றோடு விசிலும் தேர்வில் சேர்ந்தது. அந்த ஆகஸ்டிலேயே அதில் தோற்ற முதல் ஆள் அவள். அவளுக்குப் பிறகு இன்னும் இரண்டு பழைய ஆட்கள் தோற்றார்கள். அவர்களில் ஒருவர் இன்றுவரை அவளோடு பேசுவதில்லை. ஹாப் தேறினார். புதுக் கூட்டாளியைப் பற்றி அவருக்கு ஒரே புகார்: "ரொம்பப் பேசுறான். அவனுக்குக் காது நல்லாக் கேக்குதுன்னு தெரிஞ்சும் என் கால் நிக்க மாட்டேங்குது."

நான் பட்டம் வாங்கிவிட்டேன். அப்பா அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். எந்த வேலைக்குப் போவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நேர்காணல்களில் உங்கள் பலவீனம் என்ன என்று கேட்கிறார்கள். அதற்கு எல்லோரும் அழகான பதில் ஒன்று தயார் செய்து வைத்திருக்கிறோம். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் தொங்கிய இரண்டு கைகள் நினைவுக்கு வருகின்றன. நானாக இருந்தால், மற்றவர்களின் சட்டை உரசும் சத்தத்தைக் கேட்டாவது கையைத் தூக்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். உறுதியாகத் தெரியாது.

இந்தக் கோடையிலும் பேட்ஜ் பார்க்கும் வேலைதான். அத்தை தினமும் மடக்கு நாற்காலியோடு வந்து, பதினான்காம் தெரு மேடைக்குச் சற்றுத் தள்ளி உட்காருகிறாள். ஓய்வு பெற்றவர்களிடம் பேட்ஜ் கேட்க வேண்டாம் என்று விட்டோ சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவள் ஒன்று வாங்கி நீச்சலுடையின் தோள்பட்டையில் குத்தியிருக்கிறாள். நான் போனால் திரும்பாமலேயே அதைத் தொட்டுக் காட்டுவாள்.

அவளோடு பேச வேண்டுமென்றால் எதிரே போய்த்தான் நிற்க வேண்டும். நேற்று ஒரு நூலகத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருப்பதைச் சொல்லலாம் என்று போய், அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தேன்.

"அத்தை, ஒரு சேதி."

"தள்ளு."

"நல்ல சேதிதான்."

"தள்ளுடி, தண்ணி மறைக்குது. ரெண்டு பேரு கல்லுப் பக்கமாப் போறாங்க."

எழுந்து அவள் பின்னால் போய் நின்றேன். இரண்டு தலைகள் கருங்கல் தடுப்பின் பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தன. மேடையில் தியோ ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தான். விசில் வந்தது, பலமாக, ஒரே ஒரு தடவை. கடற்காக்கைகள் எழும்பின.

"ஊதிட்டானா?" என்றாள் அத்தை, கடலைப் பார்த்தபடி.

நான் அவள் நாற்காலிக் காலை என் காலால் ஒரு முறை தட்டினேன்.

"ம்," என்றாள். அந்த இரண்டு தலைகளும் கரைப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.